பெரிய வண்டி வாங்குகிறவர்கள் பணத்துக்கு என்ன செய்கிறார்கள்?

(பொத்தேரியில் மாணவர்களும் தொழிற்சாலைப் பணியாளர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகாபலிபுரம் பக்கம் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் வரிசையாக நிற்கும். கைப்பேசியைத் திறந்தால் ஒரு குடும்பமே அதில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். பார்த்ததும் நம் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதையெல்லாம் எப்படி வாங்குகிறார்கள்? “காசு இருக்கிறவன் வாங்குறான், நமக்கென்ன” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. மறுபாதியைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

இதைப் பொத்தேரியில் பேசுவது பொருத்தம். நம்மைச் சுற்றி வண்டி செய்யும் ஊர்கள். ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரியும் ராயல் என்ஃபீல்டு பைக்கும் தயாராகின்றன. மகேந்திரா சிட்டியில் வண்டிகளை வடிவமைக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையோ இரவு பகல் ஓய்வதில்லை. இந்த ஊரில் படித்து முடித்து முதல் சம்பளம் வாங்கும் இளைஞன் முதலில் கையெழுத்துப் போடும் பெரிய கடன் பெரும்பாலும் வண்டிக் கடனாகத்தான் இருக்கிறது. ஆகவே கேரவனை முன்னிட்டு நான் பேசப்போவது நம் எல்லோருடைய கணக்கையும் பற்றித்தான்.

நம் நாட்டில் கேரவன், கார் மாதிரி ஷோரூமில் நிற்பதில்லை. ஃபோர்ஸ் டிராவலர் போன்ற வேனையோ ஒரு பஸ் சேஸியையோ வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து, தண்ணீர்த் தொட்டி, மின்கலம், ஏ.சி., படுக்கை என்று ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதிப்படி ஒப்புதல் வாங்கி, அதன் பிறகுதான் ஆர்.டி.ஓ. பதிவு. எல்லாம் முடியும்போது பல லட்சங்கள் போய்விடும்.

அப்படி ஒரு வண்டிக்கு 40 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், 7 ஆண்டுத் தவணை. மாதம் கட்ட வேண்டியது ஏறத்தாழ 66,400 ரூபாய். ஓராண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம். குடும்பத்தோடு ஆண்டுக்கு 20 நாள் அதில் சுற்றினால், சுற்றும் ஒவ்வொரு நாளும் தவணைக்காக மட்டும் 40,000 ரூபாய் விழுகிறது. அதே 40 லட்சத்துக்கு ஒருவர் லாரி எடுத்து ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிறார். அவருக்கு ஒரு நாளுக்கு விழும் தவணை 2,660 ரூபாய்க்குள். கடன் ஒன்று, வட்டி ஒன்று, தவணை ஒன்று. ஒருவருக்கு அது சுமை, இன்னொருவருக்கு அது பிழைப்பு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

பெரிய வண்டி வாங்குகிறவர்களின் முதல் வழி இதுதான்: வண்டியையே சம்பாதிக்க வைப்பது. படப்பிடிப்புக்கு வரும் கேரவன்களில் பெரும்பாலானவை நாள் வாடகைக்கு வருபவை. உள்ளே உட்கார்ந்திருக்கும் நடிகர் ஒருவர், வண்டிக்குச் சொந்தக்காரர் வேறொருவர். சொந்தக்காரருக்கு அது வீடும் இல்லை, விடுமுறையும் இல்லை, தொழில். வருமான வரிக் கணக்கிலும் இந்த வேறுபாடு உண்டு. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் காட்டலாம். சொந்தக் குடும்பப் பயணத்துக்கு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த வழியை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தமிழ்நாட்டு லாரிக்காரர்கள். 1954-இல் டி.எஸ்.சந்தானம் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தை 2 லட்சம் ரூபாய் முதலுடன் தொடங்கினார். ஒற்றை லாரி வைத்துப் பிழைக்க நினைத்தவனுக்கு வங்கியின் கதவு எளிதில் திறக்காத காலம் அது. தவணைக் கொள்முதல் முறை அங்கே கை கொடுத்தது. வண்டியை நீ ஓட்டிச் சம்பாதி, தவணை முடியும்வரை உரிமை எங்களிடம் இருக்கும், கடைசித் தவணை கட்டியதும் வண்டி உன்னுடையது. ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. என்று இன்றைக்கும் பதிகிறார்களே, அதன் வேர் இந்தத் தவணைக் கொள்முதல் முறைதான்.

அதற்கடுத்த படியை ஏறியவர் ஆர்.தியாகராஜன். 1974-இல் நண்பர்களோடு சேர்ந்து ஸ்ரீராம் சிட்ஸ் தொடங்கினார். 1979-இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் பிறந்தது. கணிதம் படித்தவர், காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். சம்பளச் சீட்டும் சொத்துப் பத்திரமும் இல்லாத ஓட்டுநர், பழைய லாரி வாங்கக் கடன் கேட்டால் கொடுப்பது ஆபத்து என்று மற்றவர்கள் ஒதுங்கியபோது, அது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை என்பதைக் கணக்குப் போட்டு நிரூபித்தவர். ஓட்டுநரின் தொழில் தெரிந்த களப்பணியாளர்கள் நேரில் போய் ஆளைப் பார்த்தார்கள். எந்த லோடு, எந்த வழி, மாதம் எத்தனை நடை என்று விசாரித்தார்கள். பத்திரத்தைவிட ஆளின் உழைப்பை அளந்தார்கள். கூலிக்கு ஸ்டியரிங் பிடித்த ஆயிரக்கணக்கானோர் முதலாளியானது இப்படித்தான். 2013-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், சொந்த லாரி வாங்கிய ஓட்டுநர்கள் அதற்கு முன்பே அவரைக் கௌரவித்துவிட்டார்கள்.

ஒரு நாள் இரவு நம் நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் லாரியின் கேபினுக்குள் எட்டிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் பலகை. அதன்மேல் மடித்த போர்வை. கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் படம், காய்ந்த மாலை. வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி; திறந்தால் சின்ன அடுப்பு, அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள் டப்பா. பக்கத்திலேயே தண்ணீர் டிரம். படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி என்றால் நம் ஊரின் பழைய கேரவன் இதுதான். வாரக்கணக்கில் அதிலேயே வாழ்கிறார்கள். அந்த ஓட்டுநரின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். டீசல் இவ்வளவு, டோல் இவ்வளவு, படி இவ்வளவு, டயருக்கு எடுத்து வைத்தது இவ்வளவு என்று எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே டியூ தேதியை வட்டம் போட்டு வைத்திருப்பார். அந்த வட்டத்தைச் சுற்றித்தான் அவருடைய மாதம் ஓடுகிறது.

இரண்டாவது வழி, பலர் சேர்ந்து வாங்குவது. திருச்செங்கோட்டுப் பக்கத்து போர்வெல் ரிக் வண்டிகளைச் சொல்கிறேன். கம்ப்ரசரும் துளையிடும் கருவியும் சேர்ந்த ரிக் ஒன்றைத் தனி ஆள் வாங்குவது லேசான காரியமா? உறவினர்களும் ஊர்க்காரர்களும் பங்கு போட்டார்கள். ஒருவர் நிலத்தை அடகு வைத்தார், ஒருவர் நகையை. வேலை தெரிந்தவர் தம் உழைப்பையே பங்காக வைத்தார். அந்த வண்டிகள் இன்று இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் துளை போடுகின்றன. ஆட்கள் வண்டியோடு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய், அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து எழுகிறார்கள்.

பங்கு சேர்க்க முடியாதவர்களுக்குச் சீட்டு இருக்கிறது. ஏலச்சீட்டு கட்டாத தெரு உண்டா நம் ஊரில்? 20 பேர், 20 மாதம், ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய் என்றால் அது 5 லட்ச ரூபாய்ச் சீட்டு. ஆறாவது மாதம் ஒருவருக்கு வண்டிக்கு முன்பணம் தேவைப்படுகிறது. 1 லட்சம் தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 4 லட்சம். சீட்டு நடத்துகிறவருக்குக் கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000. மிச்சம் 75,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 3,750 ரூபாய் கழிவு. எடுத்தவர் கடைசி மாதம்வரை கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அவசரக்காரருக்குப் பணம், பொறுத்திருப்பவருக்கு லாபம், இருவருக்கும் இடையில் நம்பிக்கை. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இதற்கெல்லாம் வரம்பு கட்டியிருக்கிறது. கமிஷன் உச்சவரம்பை 2019-இல் 5-லிருந்து 7 சதவீதமாக உயர்த்தினார்கள். பதிவு பெற்ற சீட்டில் மட்டும் சேருங்கள். தெரிந்த முகம் என்ற ஒன்றை மட்டும் நம்பிப் பதிவில்லாத சீட்டில் பணம் போட்டு, நடத்தியவர் ஊரைவிட்டு ஓடிய பிறகு தெருவில் நின்ற குடும்பங்களை இந்த வட்டாரமும் அறியும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தமானது: வேறொன்றை விட்டுக்கொடுத்து வேண்டியதை அடைவது. கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்பது கடையின் பெயர். தினமும் கல்லாவிலிருந்து 300 ரூபாயை எடுத்துத் தனியாக வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கிப் பயணம் போனார்கள். திரும்பி வந்து, டீ ஆற்றி, கடனை முழுதாக அடைத்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டார்கள். இப்படி 25-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். விஜயன் 2021 நவம்பரில் காலமானார். அவர்களிடம் சொத்து இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. தங்களுக்கு எது வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. வேண்டாதவற்றில் காசு போகவில்லை. மேலை நாடுகளில் ஓய்வுபெற்ற பலர் இருக்கும் வீட்டையே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வண்டி வாங்கிக்கொண்டு சாலையில் இறங்குகிறார்கள். அதுவும் இதே வழிதான். வீட்டை விட்டால்தான் வண்டி.

நான்காவது வழி, நாளைய சம்பளத்தை இன்றைக்கே செலவழிப்பது. அமெரிக்காவில் கேரவன் வண்டிகளுக்கு 20 ஆண்டுவரைகூடக் கடன் கிடைக்கிறது. 1 லட்சம் டாலரை 8 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் 836 டாலர்தான். கேட்க இதமாக இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: மொத்தம் கட்டுவது 2 லட்சம் டாலருக்கும் கொஞ்சம் மேல். அசலுக்குச் சமமாக வட்டி. படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் இருந்தால் அந்த நாட்டு வரிச் சட்டம் அந்த வண்டியை இரண்டாவது வீடாகவே ஏற்று, வட்டிக்கு வரிக் கழிவும் தருகிறது. ஆனால் வீட்டுக்கு விலை ஏறலாம், வண்டிக்கு ஏறாது. பத்தாவது ஆண்டில் விற்கப் போனால், வண்டிக்குக் கிடைக்கும் விலையைவிடப் பாக்கிக் கடன் அதிகமாக நிற்கும் நிலை பலருக்கு வருகிறது.

அந்த நாட்டுச் சாலைகளில் வண்டியில் வாழும் எல்லோரும் வசதியானவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2008 நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, பழைய வேன்களில் குடியேறி, பருவ வேலைக்காகக் கிடங்கிலிருந்து கிடங்குக்கு அலைந்த முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலை எழுதினார். அதைத் தழுவி எடுத்த படம் 2021-இல் ஆஸ்கர் வாங்கியது. சாலையில் போகும் இரண்டு வண்டிகள் வெளியே ஒன்றுபோல் இருக்கும். ஒன்றில் விருப்பம் பயணம் செய்கிறது, மற்றொன்றில் வேறு வழியில்லாத வாழ்க்கை.

நம் ஊருக்கு வருவோம். 10 லட்ச ரூபாய்க் கார்க் கடன், 10 சதவீத வட்டி. 5 ஆண்டில் கட்டினால் மாதம் 21,247 ரூபாய். 7 ஆண்டுக்கு நீட்டினால் 16,601. மாதம் நாலாயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று மகிழ்ச்சியாக இருக்கும். முதல் முறையில் மொத்த வட்டி ஏறத்தாழ 2,75,000. இரண்டாவதில் 3,94,000-க்கு மேல். குறைந்தது மாதத் தவணைதான், கடனின் விலை கூடிவிட்டது. அதற்கு மேல் ஆயுள் வரி. 2023 இறுதியில் திருத்திய விகிதப்படி, தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். 30 லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் 6 லட்சம். இன்சூரன்ஸ், பராமரிப்பு, நிறுத்த இடம் எல்லாம் தனி.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றில் விழிப்பாக இருக்க வேண்டும். “10 பர்சன்ட் வட்டிதான் சார்” என்பார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறைந்துவரும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். 5 லட்சத்துக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டியில் 5 ஆண்டு என்றால் மாதம் 12,500 ரூபாய். நீங்கள் அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது. குறைந்துவரும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி ஏறத்தாழ 17 சதவீதம்.

இப்போது நான் சொல்லப்போவதை இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை இரண்டு தலைமுறைத் தொழிலாளர்களின் கனவு. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கடைசி வண்டி வெளியே வந்தது. நல்ல சம்பளம், நிரந்தர வேலை, பெரிய நிறுவனத்தின் பெயர் என்று இருந்தவர்களின் வாழ்க்கை ஒரே அறிவிப்பில் ஆட்டம் கண்டது. வேலை போகும், தவணைத் தேதி போகாது. ஆகவே கடன் வாங்கும்போது இன்றைய சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆறு மாதம் சம்பளமே வராவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால் அந்த வண்டி உங்களுக்கு இன்னும் விலை அதிகம்.

கையெழுத்துப் போடும் மேசையில் உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. 2024 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, கடன் கொடுக்கும் நிறுவனம் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய், நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டி முடித்தால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் எச்.பி. பதிவை நீக்கிவிடுங்கள். தவணை தவறினால் அடியாட்களை அனுப்பி வண்டியைப் பறிக்கக் கூடாது என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? அவன் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று மனம் ஒப்பினால் மட்டும் போடுங்கள்.

அப்படியானால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கேரவன் பயணமே கிடையாதா? உண்டு. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்தது. வண்டியைத் தொழில்முனைவோர் வாங்குவார், குடும்பங்கள் இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுக்கும் என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை. அது நல்ல யோசனை. ஆண்டுக்குச் சில நாள் தேவைப்படும் பொருளை எல்லோரும் சொந்தமாக வாங்கி வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. இங்கேயும், நம் பக்கத்துக் கோவளத்திலிருந்து மரக்காணம்வரை கடலோரத்தில் வண்டி நிறுத்தவும், தண்ணீர் பிடிக்கவும், கழிவைப் பாதுகாப்பாக வெளியேற்றவும் நல்ல இடங்கள் அமைந்தால், நம் மாவட்டத்து இளைஞர்கள் பலருக்கு அது தொழிலாகும். கழிவு கடலில் கலக்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

நிறைவாக, இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசைப்படுவது தவறில்லை. ஆசையில்லாத மனிதன் சாலையில் இறங்கியிருக்க மாட்டான். விலை உயர்ந்த வண்டியில் போகும் ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம், நம்மால் முடியாது என்று தாழ்ந்துபோகவும் வேண்டாம். அந்த வண்டி உழைத்துச் சம்பாதிக்கிறதா, பலருடைய பங்கில் நிற்கிறதா, எதையோ விட்டுக்கொடுத்து வந்ததா, நாளைய சம்பளத்தில் ஓடுகிறதா என்பது வெளியே தெரியாது. உங்கள் வண்டி எந்த வழியில் வரப்போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் தாளில் பேனாவை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை நாள் இது ஓடும்? முந்நூறு நாள் ஓடும் என்றால் துணிந்து வாங்குங்கள், அது உங்களைக் காப்பாற்றும். இருபது நாள்தான் என்றால் வாடகைக்கு எடுங்கள். மிச்சப் பணத்தை வீட்டில் இருப்பவர்களின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வையுங்கள்.